63 விழுக்காட்டில் நின்றுபோகும் துப்புரவு: கணினி கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, விருதுநகரில் பல ஆண்டுகளாக டி.டி.பி. மையம் நடத்திவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கோயில் மலர், சிறு நூல்கள் என எல்லா வேலையும் ஒரே கணினியில்தான் நடக்கிறது. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 10, 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியதால், தேவையற்ற கோப்புகளை நீக்கும் துப்புரவு மென்பொருள் ஒன்றை நிறுவினேன். சில மாதங்கள் நன்றாக ஓடியது. இப்போது ஒவ்வொரு முறையும் 63 விழுக்காடு வந்தவுடன், எந்தச் செய்தியும் காட்டாமல் சன்னல் மறைந்துவிடுகிறது. நான்கு முறை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தேன், அதே 63. கணினிக் கடைக்காரர் ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகர், விருதுநகர்.

பதில்: மென்பொருளின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இந்தக் கோளாறு எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கும் தனியே உரியது அன்று என்பதால் பெயரை இங்கே எடுத்துவிட்டேன். முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த மென்பொருளை ஐந்தாம் முறையாக ஓட்டிப் பார்க்காதீர்கள். அதற்கு முன், வாடிக்கையாளர்களின் கோப்புகள் அனைத்தையும் வெளியே வைக்கக்கூடிய ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகலில் நான்கைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் மென்பொருளைவிட ஹார்டு டிஸ்கின் மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகத்தை எழுப்புகின்றன என்பதே.

துப்புரவு மென்பொருளுக்கும் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மற்ற மென்பொருள்களுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பேஜ்மேக்கரைத் திறந்தால், அது தன் சொந்தக் கோப்புகளையும் நீங்கள் கேட்ட ஒரு பத்திரிகைக் கோப்பையும் படிக்கும். டிஸ்கின் மற்ற பகுதிகளை மாதக்கணக்கில் தொடவே தொடாது. துப்புரவு மென்பொருளோ உலாவிகளின் சேமிப்பு, தற்காலிகக் கோப்புகள், படங்களின் சிறுவடிவச் சேமிப்பு, பழைய பிழைப் பதிவுகள் என்று ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சில நிமிடங்களுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. இருட்டில் வீடு முழுக்க நடப்பவரின் காலில்தானே முள் முதலில் தைக்கும்? டிஸ்கில் எங்கேனும் ஓர் இடம் பழுதாகியிருந்தால், அந்த இடத்தில் முதலில் இடறி விழுவது பெரும்பாலும் இத்தகைய மென்பொருளாகத்தான் இருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் அந்த 63, நேரக்கணக்கும் அன்று, அளவுக்கணக்கும் அன்று. மென்பொருள் தன்னிடம் உள்ள வேலைப் பட்டியலில் எத்தனையாவது இடத்துக்கு வந்திருக்கிறது என்பதற்கான தோராயக் குறிப்பே அது. ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் நிற்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கோப்பிலோ அதே கோப்புறையிலோ நிற்கிறது என்று பொருள். உண்மையில் இது நல்ல செய்தி. எப்போது, எங்கே விழும் என்று தெரியாத கோளாற்றைவிட, ஒரே இடத்தில் விழும் கோளாற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

நான்கு முறை நீக்கி நிறுவியும் ஏன் பயனில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். மென்பொருளை நீக்கும்போது அதன் முதன்மைக் கோப்புகள் மட்டுமே போகின்றன. நீங்கள் இட்டுவைத்த அமைப்புகள் பல வேளைகளில் பயனர் கோப்புறையிலோ, விண்டோஸின் அமைப்புப் பேரேடான ரிஜிஸ்ட்ரியிலோ அப்படியே தங்கிவிடுகின்றன. மறுபடி நிறுவும்போது புதிய மென்பொருள் அந்தப் பழைய அமைப்புகளையே எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நிற்கிறது. அமைப்புகளையும் சேர்த்து நீக்கினால்கூட, டிஸ்கில் உள்ள பழுதான கோப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

இனி நோயைக் கண்டறிவோம். மென்பொருள் எந்தச் செய்தியும் காட்டவில்லை என்கிறீர்கள். உங்களுக்குக் காட்டவில்லையே தவிர, விண்டோஸ் அதை எழுதிவைத்திருக்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘ரிலயபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி’ என்ற வரி வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாகக் கட்டம் போட்ட ஒரு வரைபடம் தோன்றும். மென்பொருள் விழுந்த நாள்களின் கட்டத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைத் தொட்டு, கீழே வரும் பட்டியலில் துப்புரவு மென்பொருளின் பெயருக்கு நேரே உள்ள ‘வியூ டெக்னிக்கல் டீட்டெயில்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அங்கே இரண்டு வரிகளை மட்டும் தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஒன்று, ‘ஃபால்ட் மாடியூல் நேம்’ என்பதற்கு எதிரே உள்ள கோப்பின் பெயர். மற்றொன்று, ‘எக்ஸெப்ஷன் கோடு’ என்பதற்கு எதிரே உள்ள எண். கூடவே விழுந்த நேரத்தையும் நிமிடம் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் ‘சி0000005’ என்று முடிந்தால், மென்பொருள் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட முயன்றது என்று பொருள். இது மிகப் பொதுவான எண். இதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது ‘சி0000006’ என்று முடிந்தால் கவனமாக இருக்க வேண்டும். டிஸ்கிலிருந்து நினைவகத்துக்கு வரவேண்டிய ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்பதே இதன் பொருள். உள்ளேயே இருக்கும் டிஸ்கில் இந்த எண் வருகிறது என்றால், மென்பொருளைக் குறைசொல்வதில் பயனில்லை.

அடுத்து, ‘ஈவென்ட் வியூவர்’ என்பதைத் திறந்து, இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் உள்ள ‘சிஸ்டம்’ பகுதிக்குச் செல்லுங்கள். நீங்கள் குறித்துவைத்த அதே நிமிடத்தில், ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7 என்ற எண் கொண்ட பதிவோ, 153 என்ற எண் கொண்ட பதிவோ இருக்கிறதா என்று பாருங்கள். 7 என்பது டிஸ்கில் பழுதான பகுதி தென்பட்டதைச் சொல்வது. 153 என்பது படிக்கவோ எழுதவோ விடுத்த கட்டளையை மறுபடி மறுபடி முயல வேண்டியிருந்ததைச் சொல்வது. ‘என்டிஎஃப்எஸ்’ என்ற பெயரோடு 55 என்ற எண் இருந்தால், டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பே சிதைந்திருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் இந்த விவரம் இல்லாததால் என்னால் உறுதிசொல்ல இயலவில்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகள் நாள்தோறும் உழைத்த ஒரு சுழல்தட்டு டிஸ்கில் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் நான் வியப்படைய மாட்டேன். சி டிரைவைத் திறக்கும்போது ஓரிரு நொடிகள் தயங்கி, உள்ளே ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதையும் காதை அருகில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். அந்தக் குறிப்பைக் காட்டும் இலவச மென்பொருள்களில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பலருக்கும் பழக்கமானது. அதில் பல வரிகள் வரும். ‘ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்’, ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ என்ற இரண்டை மட்டும் பாருங்கள். முன்னது, பழுதான இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் ஏற்கெனவே மாற்று இடம் ஒதுக்கிக்கொண்டதின் எண்ணிக்கை. பின்னது, படிக்க முடியாமல் தவித்து இன்னும் முடிவெடுக்கப்படாமல் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை. பின்னது சுழியத்துக்கு மேல் இருந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டும் போனால், அந்த டிஸ்கை மாற்றிவிடுவதே முறை.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. டிஸ்கில் சந்தேகம் வந்தவுடன், ‘திஸ் பி.சி.’ சென்று, சி டிரைவின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘டூல்ஸ்’ பகுதியில் உள்ள ‘செக்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அல்லது கடையில் கொடுத்து, டிஸ்கின் ஒவ்வோர் அங்குலத்தையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். சோதனை நல்லதுதான். ஆனால் தேய்ந்துபோன டிஸ்கின் மேல் அந்த நீண்ட சோதனை சுமத்தும் வேலை மிக அதிகம். அந்த வேலையின் நடுவிலேயே டிஸ்க் முழுவதுமாகக் கைவிட்டுவிடக்கூடும். நகல் எடுத்த பிறகே சோதனை. இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

டிஸ்க் நலமாகவே இருக்கிறது, 7, 153, 55 எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் மென்பொருளைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் ஓட்டிவிடக் கூடாது. அதில் நீக்க வேண்டியவற்றுக்கு முன்னால் சிறு சிறு கட்டங்களில் டிக் குறி இருக்கும் அல்லவா? எடுத்துக்காட்டாக 32 கட்டங்கள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் உள்ள 16இன் குறியை எடுத்துவிட்டு, மேல்பாதியை மட்டும் ஓட்டுங்கள். விழாமல் முடிந்தால் குற்றவாளி கீழ்ப்பாதியில் இருக்கிறது. விழுந்தால் மேல்பாதியில் இருக்கிறது. குற்றம் உள்ள பாதியை மறுபடி இரண்டாக்கி, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தால், ஐந்தே ஓட்டத்தில் ஒரே ஒரு கட்டத்தில் வந்து நின்றுவிடுவீர்கள். ஒவ்வொன்றாகச் சோதிப்பவருக்கு 32 ஓட்டம் வரை ஆகலாம். எல்லா ஓட்டத்திலும் ‘ஆய்வு மட்டும்’ செய்யும் பொத்தானையே பயன்படுத்துங்கள். ஆய்விலேயே விழுகிறதா, நீக்கும்போதுதான் விழுகிறதா என்பதும் ஒரு துப்புதான்.

உங்கள் தொழிலை வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கட்டம் ‘தற்காலிகக் கோப்புகள்’ என்பதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஃபோட்டோஷாப் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், அது எழுதிக்கொண்டிருந்த பெரிய தற்காலிகக் கோப்பு நீக்கப்படாமல் டிஸ்கிலேயே கிடந்துவிடும். ஒரு பதாகை வேலைக்கு ஒரு கோப்பே பல ஜி.பி. இருக்கக்கூடும். மின்வெட்டு நடுவில் வந்தால் அந்தக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டு, அதன் அளவைப் பற்றிய கணக்கே தவறாகவும் இருக்கலாம். விண்டோஸ் சாவியோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்தி, வரும் சிறு சன்னலில் விழுக்காட்டுக் குறி, ‘டெம்ப்’ என்ற ஆங்கிலச் சொல், மறுபடி விழுக்காட்டுக் குறி என்று இடைவெளியின்றித் தட்டினால் அந்தக் கோப்புறை திறக்கும். கோப்புகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, ஒரு வாரத்துக்கு முந்தையவற்றைச் சில நூறு வீதம் கையாலேயே நீக்குங்கள். ஏதேனும் ஒன்று நீங்க மறுத்தால், அதன் பெயரைக் குறித்துக்கொண்டு ‘ஸ்கிப்’ கொடுத்து மேலே செல்லுங்கள். பல வேளைகளில் மறுத்த அந்த ஒரு கோப்புதான் மென்பொருளையும் வீழ்த்தியிருக்கும். அன்றைய தேதியிட்ட கோப்புகளைத் தொடவேண்டாம். சேமிக்க மறந்த வேலையின் நகல் அவற்றில் இருக்கலாம்.

சி டிரைவ் சிவப்பாக இருப்பதும் தனியாக ஒரு காரணமாகலாம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இடம் இருக்கும்போதுதான் அந்தக் கோடு சிவக்கிறது. துப்புரவு மென்பொருளுக்கும் தன் பதிவுகளையும் பின்நகல்களையும் எழுதச் சிறிது இடம் வேண்டும். அந்த இடமே இல்லாதபோது பாதி வழியில் விழுவது இயல்பு. முடிந்துபோன வேலைகளின் கோப்புறைகளை முதலில் வேறு டிரைவுக்கு மாற்றி, இரண்டு மூன்று ஜி.பி. இடம் உண்டாக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஃபார்மட் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பழுதாக இருந்தால், அதையே ஃபார்மட் செய்து அதிலேயே மறுபடி விண்டோஸ் ஏற்றுவது, ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. இரண்டு மாதம் நன்றாகத் தெரியும். அதற்குள் நீங்கள் புதிய வேலைகளை அதில் சேர்த்திருப்பீர்கள். டிஸ்க் நலமாக இருந்தாலோ, ஃபார்மட்டுக்கே தேவையில்லை. ஆக, கடைக்காரர் சொன்ன யோசனை எந்த நிலையிலும் முதல் யோசனையாக இருக்கக் கூடாது. டிஸ்கைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், சுழல்தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யாமல் உறையில் இட்டுச் சில மாதங்கள் பத்திரமாக வைத்திருங்கள். நகலில் விடுபட்ட ஏதோ ஒரு பத்திரிகைக் கோப்பை, அடுத்த முகூர்த்த மாதத்தில் யாரேனும் கேட்டு வருவார்கள்.

*

கேள்வி: என் துப்புரவு மென்பொருள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. சில நாள் முழுமையாக ஓடிவிடுவதும் உண்டு. காலையில் ஓட்டினால் விழுவதில்லை. – ஒரு வாசகர், வேலூர்.

பதில்: கடைசி வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இடம் மாறி மாறி விழுந்தால், கோப்பின் மேல் சந்தேகம் குறைந்து, நினைவகத்தின் மேலும் வெப்பத்தின் மேலும் சந்தேகம் கூடுகிறது. கணினியை அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து விசிறியையும் அதன் கீழ் உள்ள உலோகத் தகடுகளையும் பாருங்கள். தகடுகளுக்கிடையில் பஞ்சு போலத் தூசி அடைந்திருந்தால் காற்று போக வழியே இருக்காது. மெல்லிய தூரிகையால் துடைத்த பிறகு, ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்பதை ஓடவிடுங்கள்; கணினி மறுபடி தொடங்கி நினைவகத்தைச் சோதிக்கும். அதில் பிழை காட்டினால், இரண்டு நினைவகத் தகடுகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதித்தால் எது பழுது என்பது தெரிந்துவிடும்.

*

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஒரே கோப்பு பல இடங்களில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வசதி என் துப்புரவு மென்பொருளில் உள்ளது. வினாத்தாள்கள் உள்ள கோப்புறைக்கு வரும்போது மட்டும் அது விழுகிறது. அந்தக் கோப்புகள் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன, டிஸ்கும் புதியது. கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். அது தவறா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: தமிழில் பெயர் வைத்தது தவறே அன்று, தயவுசெய்து அதை மாற்றிக்கொள்ளாதீர்கள். தவறு அந்த மென்பொருளை எழுதியவர்களுடையது. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம்.

விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி, அதாவது டிரைவின் பெயரில் தொடங்கிக் கோப்புறைகள் வழியாகக் கோப்பின் பெயர் வரை உள்ள நீளம், 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்ற பழைய வரம்பு ஒன்று உண்டு. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்தும் வழி ஏற்பட்டது. ஆனால் கணினியில் அந்த அமைப்பும் இயக்கப்பட்டிருக்க வேண்டும், மென்பொருளும் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள், 260ஐத் தாண்டிய முகவரியைச் சந்திக்கும்போது, அதைத் தாண்டிச் செல்லத் தெரியாமல் விழுந்துவிடுவது உண்டு.

இதில் தமிழுக்கு என்ன தொடர்பு என்றால், நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. ‘வினாத்தாள்’ என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்துகள். கணினிக்கோ வ, அதன் மேல் இகரக் குறி, ன, அதன் பின் கால், த, புள்ளி, த, கால், ள, புள்ளி என்று பத்துக் குறிகள். அகரம் ஏறிய எழுத்துகளைத் தவிர, உயிர்மெய்யும் மெய்யும் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகக் கணக்கில் ஏறுவதால், தமிழ்ப் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு நீளம் கொண்டவை. ‘பத்தாம் வகுப்பு’ என்ற கோப்புறைக்குள் ‘தமிழ்’, அதற்குள் ‘காலாண்டுத் தேர்வு’, அதற்குள் ‘பழைய வினாத்தாள்கள்’, அதற்குள் நீண்ட பெயருடைய ஒரு கோப்பு என்று அடுக்கிக்கொண்டே போனால், 260 எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்துவிடும். கோப்புறையை அதே பெயரோடு டி டிரைவின் முதல் நிலைக்கு நகர்த்திவிடுங்கள். ‘டாக்குமென்ட்ஸ்’ வழியாக வரும் நீண்ட முன்பகுதி குறைந்துவிடும். பிறகு நடுவில் உள்ள இரண்டு அடுக்குகளை ஒன்றாக்குங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

கணினியை முதன்முதலில் அமைக்கும்போது பயனர் பெயரையே தமிழில் தட்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல் நேர்வதுண்டு. அவர்களுடைய பயனர் கோப்புறையும் தமிழ்ப் பெயரிலேயே உருவாகியிருக்கும். பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையை அறியாத மென்பொருள் அந்தப் பெயரைக் கேள்விக்குறிகளாகப் படித்து, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று கண்டு விழுந்துவிடும். அந்தக் கோப்புறையின் பெயரைக் கையால் மாற்ற முயலாதீர்கள், கணக்கே திறக்காமல் போய்விடலாம். யூனிகோடு அறிந்த வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்வதே எளிய வழி.

*

கேள்வி: நண்பர் ஒருவர் துப்புரவு மென்பொருளின் கட்டணப் பதிப்பை ‘கிராக்’ செய்து, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, கொடுத்தார். திறந்த மறுநொடியே மறைந்துவிடுகிறது. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்கிறார். செய்யலாமா? – ஒரு வாசகர், திருச்சி.

பதில்: கூடாது. திறந்த மறுநொடியே மறைவது கோளாறு அன்று. உங்கள் கணினியின் காவல் வேலைசெய்கிறது என்பதற்கான அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’ பகுதியைப் பாருங்கள். பிடித்த நேரமும் பிடித்ததின் பெயரும் அங்கே இருக்கும்.

துப்புரவு மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் அதிகாரம் சாதாரணமானது அன்று. கணினியின் எந்த மூலையிலும் நுழையவும், எதையும் நீக்கவும் நாமே ‘யெஸ்’ அழுத்தி அனுமதி தருகிறோம். 2017இல் நடந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்பட்ட சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் 5.33 என்ற பதிப்பு அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அதை உருவாக்கிய பிரிட்டனின் பிரிஃபார்ம் நிறுவனத்தை அதற்கு முந்தைய மாதம்தான் வைரஸ் தடுப்பு நிறுவனமான அவாஸ்ட் வாங்கியிருந்தது. அந்தப் பதிப்பின் 32 பிட் வடிவத்துக்குள், வெளியிடப்படும் முன்பே, யாரோ தீநிரலைப் புகுத்தியிருந்தார்கள். கோப்பு வந்தது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து. அதில் இருந்ததும் நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையொப்பமே. சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுப் பிரிவினர் செப்டம்பர் 18 அன்று அதைப் பகிரங்கப்படுத்தினார்கள். பாதிக்கப்பட்ட பதிப்பை நிறுவியிருந்தவர்கள் ஏறத்தாழ 22.7 லட்சம் பேர் என்று நிறுவனமே அறிவித்தது. ஆனாலும் தாக்கியவர்களின் உண்மையான குறி, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் சில கணினிகள்தான் என்பது பின்னர் தெரியவந்தது.

உரிய இடத்திலிருந்து, உரிய கையொப்பத்தோடு வந்த கோப்புக்கே அந்த நிலை ஏற்பட்டது என்றால், யார் பிரித்தார், யார் மறுபடி கட்டினார் என்று தெரியாத ஒரு கோப்பை, காவலையும் நிறுத்திவிட்டு உள்ளே விடுவதை எப்படி நியாயப்படுத்த முடியும்? நண்பர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். அவரும் எங்கிருந்தோ எடுத்திருப்பார். நீக்கிவிடுங்கள். அது ஒருமுறையேனும் ஓடியிருந்தால், வைரஸ் தடுப்பின் முழுச் சோதனையை நடத்தி, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்றுங்கள்.

*

கேள்வி: துப்புரவு நன்றாக ஓடுகிறது, ‘ரிஜிஸ்ட்ரி’ பகுதியை ஓட்டினால்தான் விழுகிறது. அதைச் சரிசெய்வது எப்படி? – ஒரு வாசகர், கோவில்பட்டி.

பதில்: சரிசெய்யவே வேண்டாம், அந்தப் பகுதியைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுங்கள். ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளை எழுதிவைக்கும் பேரேடு. அதில் பயனற்ற ஆயிரம் வரிகள் இருந்தாலும் அவை அடைத்துக்கொள்ளும் இடம் மிகச் சொற்பம். அவற்றை நீக்குவதால் கணினி வேகம் பெறுவதை நான் கண்டதில்லை. நேர்மாறாக, பழைய மென்பொருள் ஒன்றின் உரிமப் பதிவை ‘உரியவரற்ற வரி’ என்று தவறாக எண்ணி நீக்கிவிட்டால், அந்த மென்பொருள் மறுநாள் திறக்காது. ரிஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆதரவுக் கொள்கையில் எழுதியிருக்கிறது. முன்பு ஓட்டியபோது மென்பொருள் பின்நகல் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கும். எடுத்திருந்தால் அந்தக் கோப்பை நீக்காமல் வைத்திருங்கள்.

*

கேள்வி: நேற்று இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய துப்புரவு, காலை வரை ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்றே நிற்கிறது. – ஒரு வாசகர், காரைக்குடி.

பதில்: அது விழவில்லை, ‘வைப் ஃப்ரீ ஸ்பேஸ்’ என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் விழுந்திருக்கும். டிஸ்கின் வெற்றிடம் முழுவதையும் எழுதி நிரப்பி அழிக்கும் வேலை அது. பெரிய டிஸ்கில் பல மணி நேரம் பிடிக்கும். ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து டிஸ்க் என்ற நெடுவரிசையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நிறுத்திவிட்டு அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். கணினியை விற்கப்போகிறவருக்குத்தான் அது தேவை. எஸ்.எஸ்.டி. உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம், வீண் தேய்மானம்.

*

கேள்வி: வெளி மென்பொருளே இல்லாமல் துப்புரவு செய்ய முடியாதா? – பல வாசகர்கள்.

பதில்: முடியும், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பதும் என் கருத்து. ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘சிஸ்டம்’, அதற்குள் ‘ஸ்டோரேஜ்’ என்று சென்றால், எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் தொட்டு, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துக் குறியிடுங்கள். ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அது குப்பை அன்று; வாடிக்கையாளர் மின்னஞ்சலில் அனுப்பிய படமும், வங்கி அனுப்பிய அறிக்கையும் அங்கேதான் இருக்கும். ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்’ என்ற வரி தென்பட்டால், அண்மையில் விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்பது உறுதியானால் மட்டும் நீக்குங்கள், பல ஜி.பி. இடம் கிடைக்கும். நீக்காவிட்டாலும் வழக்கமாகப் பத்து நாள் கழித்து விண்டோஸே அதை அகற்றிவிடும்.

அதே பக்கத்தில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்ற பொத்தானை இயக்கிவிட்டால், இந்த வேலையின் பெரும்பகுதியை அது தானே அவ்வப்போது செய்துகொள்ளும். இயக்குவதற்கு முன், அதன் உள்ளே சென்று ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைக்கு எதிரே ‘நெவர்’ என்று இருக்கிறதா என்பதை மட்டும் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.